வார்டுக்கே தேடி வருபவர் நீட்டும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

சாலையோரம் நடந்து போனவரை பைக் இடித்துத் தள்ளினால், முதல் ஏமாற்று பெரும்பாலும் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. இடித்தவரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார். வலியில் முனகுகிறவருக்குப் பதிலாக டாக்டரிடம் அவரே பேசுவார்: "கால் தவறி விழுந்துட்டார் சார்." இல்லையென்றால், "ஏதோ வண்டி, நம்பர் தெரியல." அது அப்படியே விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். புத்தகத்தில், ஏறிவிடும். பிறகு போலீஸ், இன்சூரன்ஸ் கம்பெனி, நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் எல்லோரும் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான்.

"நம்பர் தெரியல" என்ற சொல்லின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடையாளம் தெரியாத வண்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 161-வது பிரிவின்படி கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம். வண்டி தெரிந்திருந்தால் 164-வது பிரிவில், யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே, கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான். 166-வது பிரிவில் ஓட்டியவரின் கவனக்குறைவைக் காட்டி மனு போட்டால் உச்சவரம்பே கிடையாது. அதனால் கூட இருப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, வண்டி எண்ணையும் இடித்த விதத்தையும் டாக்டர் எழுதுகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது. தப்பாக ஏறிவிட்டால் அன்றைக்கே புகாரில் உண்மையை எழுதிக் கொடுங்கள். பத்து நாள் கழித்துச் சொன்னால் "வண்டியைச் செட்டப் செய்கிறார்கள்" என்பார்கள். போலி வழக்குகளும் நடந்திருப்பதால் அந்தச் சந்தேகம் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது ஸ்டேஷன் வாசல் சமரசம். பத்தாயிரத்தைக் கையில் திணித்து, முத்திரைத்தாளில் "எனக்கு வழக்கு வேண்டாம்" என்று எழுதி வாங்குவார்கள். புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதோடு விஷயம் முடிந்துவிடும். சி.எஸ்.ஆர். வேறு, வழக்குப் பதிவான முதல் தகவல் அறிக்கையான எஃப்.ஐ.ஆர். வேறு. எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். அதோடு விபத்து நடந்த இடத்தின் ரஃப் ஸ்கெட்ச், அந்த இடத்தைப் பார்வையிட்டுப் போலீஸ் எழுதும் மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளரின் (எம்.வி.ஐ.) அறிக்கை, காயச் சான்று, பிறகு குற்றப்பத்திரிகை, இவ்வளவும் தேவைப்படும். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் நஷ்டஈடு தரப்போவது கம்பெனிதான், பைக் ஓட்டியவர் சொந்தப் பணத்திலிருந்து தரப்போவதில்லை. அவர் கெஞ்சுவதைப் பார்த்து இரங்கும் பலருக்கு இது தெரிவதில்லை.

மூன்றாவதாக வருகிற வழக்குத் தரகர்தான் ஆபத்தானவர். இரண்டாம் நாளே ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்கு வருவார், பெயர்கூடத் தெரிந்திருக்கும். "செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம், வர்றதுல எங்களுக்குப் பாதி." நிரப்பாத வக்காலத்து (வக்கீலுக்கு வழக்காட அதிகாரம் தரும் படிவம்), நாலைந்து வெற்றுத்தாள், சில சமயம் நிரப்பாத செக் என எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்குவார். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, பில் எல்லாவற்றிலும் ஒரிஜினலை வாங்கிப் போய்விடுவார். வரும் தொகையில் பங்கு பேசி ஃபீஸ் வாங்குவதும் ஆள் வைத்துக் கட்சிக்காரர் பிடிப்பதும் பார் கவுன்சில் விதிகளின்படி வக்கீலுக்குத் தடை. அதனால்தான் வார்டுக்கு வக்கீல் வராமல் இவர் வருகிறார்.

இவரால் வரும் பெரிய கேடு தாமதம். 2022 ஏப்ரல் 1 முதல் 166-வது பிரிவு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அதை நம்பி நாள் கடத்தாதீர்கள். "ஃபைல் பண்ணியாச்சு" என்று வாயால் சொன்னால் போதாது, தீர்ப்பாயம் மனுவுக்குத் தரும் எம்.சி.ஓ.பி. எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் அடுத்த வாய்தா தேதி வரை தெரியும்.

அடுத்த கேடு அவசர சமரசம். 38 வயதுக் கொத்தனார், மாத வருமானம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 21,000, ஆண்டுக்கு 2,52,000. அந்த வயதுக்கான பெருக்கி (ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்க வேண்டும் என்ற எண்) 15, ஆக 37,80,000. வேலைத்திறன் இழப்பு 30 சதவீதம் என்றால் அந்த ஒரு தலைப்பிலேயே 11,34,000. மருத்துவச் செலவு, வலி வேதனை, துணைக்கு இருந்தவர் செலவு தனி. இங்கே ஒரு நுணுக்கம்: சான்றிதழில் உள்ள ஊன சதவீதமும் வேலைத்திறன் இழப்பும் ஒன்றல்ல என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சாரம் ஏற முடியாத கொத்தனாருக்கு இழப்பு சான்றிதழ் எண்ணைவிட அதிகமாக இருக்கலாம். அதைச் சாட்சியத்தில் சொல்ல வேண்டும். இதெல்லாம் தெரியாமல் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் "ரெண்டு லட்சம் வாங்கிக்குங்க" என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டால் அதன் மேல் அப்பீல் இல்லை. இன்சூரன்ஸ் அதிகாரி 164-வது பிரிவுத் தொகையைத் தர முன்வந்தாலும் நிதானம் தேவை: அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள 166 மனு காலாவதியாகிவிடும்.

"ஜீப்ரா கிராசிங்கில் கடக்கவில்லை, நடைபாதையில் நடக்கவில்லை" என்பது கம்பெனி வக்கீலின் வழக்கமான வாதம். அதனால் தொகையில் ஒரு பங்கு வெட்டப்படலாம், வழக்கே போய்விடாது. நடைபாதை இருந்ததா, இருந்ததைக் கடைகளும் டிரான்ஸ்பார்மரும் அடைத்துக்கொண்டிருந்தனவா என்று அந்த வாரத்திலேயே போட்டோ எடுத்து வையுங்கள். கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த வழக்கில், தடையில்லா நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. பக்கத்துக் கடை சிசிடிவிக்கும் உடனே எழுதிக் கேளுங்கள், சில நாளிலேயே பதிவு அழிந்துவிடும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? வக்கீலை மாற்றலாம். பழையவர் ஒப்புதல் தர மறுத்தால் நீதிமன்றத்தில் மனு போட்டு அனுமதி வாங்கலாம். ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. இதை 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செக்கைக் கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்குப் போய்ப் பணம் தராமல் நிறுத்தச் சொல்லுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். அதன் உதவி எண் 15100.