தண்டுத்துளைப்பானின் குளவிக்குப் பெயரிடுதல்: புகைப்படமா, ஆண் உறுப்பா, டிஎன்ஏவா?

தென்னாப்பிரிக்காவின் வெருலத்தில் எங்கள் மக்காச்சோளத் தண்டொன்றைப் பிளந்தபோது, இளஞ்சிவப்புத் தண்டுத்துளைப்பானின் புழு சுருங்கிக் கிடக்க, அதைச் சுற்றிப் பஞ்சு போல் வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தன. அவற்றைப் புழுவின் முட்டைகள் என்று எண்ணிய பக்கத்து வீட்டு மாமா, கொளுத்திவிடச் சொன்னார். உண்மையில் அவை புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவிகளின் கூடுகள். தண்டோடு புட்டியிலிட்டு வாயைத் துணியால் கட்டி வைத்தேன். சில நாட்களில் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத கருங்குளவிகள் முப்பதுக்கு மேல் வெளிவந்தன. பேரினம் கோட்டீசியா. ஆனால் இனம், ஆப்பிரிக்காவுக்கே உரிய செசாமியேவா, ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு 1993-இல் கென்யாவில் விடப்பட்ட ஃபிளேவிபஸா? இந்த வட்டாரத்தில் எந்தக் குளவி இருக்கிறது என்று நான் எழுதிவைக்கும் பதிவின் பொருளே விடையைப் பொறுத்து மாறிவிடும்.

புகைப்படம் பேரினம் வரை துணை நிற்கும். அதற்கு மேல் அதை நம்புவதற்கில்லை. எந்தப் புழுவிலிருந்து வந்தது என்ற தகவலும் இங்கே தீர்ப்பாகாது, ஏனெனில் இரண்டு இனங்களும் தண்டுத்துளைப்பான்களையே தேடுகின்றன.

ஆண் குளவியின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்ப்பதே பழைய வழி, இன்றும் வலுவான வழி. இக்குழுவில் பெண் குளவிகள் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருக்க, ஆணின் உறுப்பு வடிவிலும் அளவிலும் வேறுபடுகிறது. உணர்கொம்பு நீண்டிருப்பதை வைத்து ஆணை எளிதில் பிரித்தெடுக்கலாம். பிற பூச்சிகளின் முட்டைக்குள் வளரும் டிரைக்கோகிரம்மா குளவிகளின் பெயர்க்குழப்பத்தைத் தீர்க்க, பூச்சியியலாளர்களான நாகர்கட்டியும் நாகராஜாவும் 1971-இல் இந்தியாவிலிருந்து முன்வைத்ததும் இதே அடையாளந்தான். செலவு குறைவு, ஆனால் கைப்பழக்கம் வேண்டும். பெண் குளவிகள் மட்டுமே கிடைத்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

கனடிய உயிரியலாளர் பால் ஹெபர்ட் 2003-இல் முன்மொழிந்த டிஎன்ஏ பட்டைக்குறியீட்டுக்கு அந்தத் தடையில்லை. பெண்ணோ, புழுப்பருவமோ, ஒரு கால் போதும். உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவின் ஒரு மரபணுவில் 658 எழுத்துகளைப் படித்து ஒப்பிடுகிறார்கள். ஆயினும் ஒப்பிடப்படும் தொகுப்பில் ஒருவர் தவறான பெயரைச் சேர்த்திருந்தால், அந்தத் தவறே நமக்கும் விடையாக வரும். குளவிகளில் வாழும் வோல்பாக்கியா பாக்டீரியா பரவும்போது தன்னோடு ஒரு மைட்டோகாண்டிரிய வகையையும் பரப்பி, இன எல்லையை மறைத்துவிடக்கூடும். மறுபுறம், செசாமியே என்றே கருதப்பட்ட குளவிகளிலிருந்து டைஃபே என்ற தனி இனம் 2017-இல் பிரித்து விவரிக்கப்பட்டதற்கு மரபணுச் சான்றும் துணைநின்றது என்பதை மறந்து இம்முறையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

புதிய வட்டாரப் பதிவுக்கு எது தகும்? படைப்புழுவின் முட்டைகளைத் தாக்கும் டெலனோமஸ் ரெமஸ் தென்னாப்பிரிக்கா உட்பட ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் ஏற்கெனவே இருக்கிறது என்று 2019-இல் அறிவித்தவர்கள், உருவத்தையும் டிஎன்ஏவையும் சேர்த்தே சான்றாக வைத்தார்கள். அரை மில்லிமீட்டர் அளவுள்ள அந்தக் குளவிக்கு ஒற்றைச் சான்று போதாது என்று அவர்கள் கருதியது சரியே. ஒன்றுதான் இயலும் என்றால், நான் ஆண் குளவியின் உறுப்பையே தேர்வேன். மாதிரி பத்திரமாக இருக்கும்வரை, நாளை வேறொருவர் உறுப்பை ஒட்டிவைத்த அதே கண்ணாடித் துண்டைப் பார்த்து என்னைத் திருத்த முடியும்.

என் புட்டியில் ஆண்கள் ஆறு. அவற்றை மற்றவற்றோடு சாராயத்திலிட்டு, இடம், நாள், பயிர், புழு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, பெயருக்கு நேரே ‘கோட்டீசியா, செசாமியேவை ஒத்தது’ என்று மட்டும் குறித்திருக்கிறேன்.