ஆக்ஸான் பாடி 3 கேமரா: துப்பாக்கிச் சூட்டுக்கு எவ்வளவு தூரம் சாட்சி சொல்லும்?

அமெரிக்கப் போலீஸார் நெஞ்சில் மாட்டும் கேமராக்களில் ஆக்ஸானைத்தான் அதிகம் பார்க்கலாம். 2019-ல் வந்த பாடி 3 மாடலை இங்கே ஒரே ஒரு வேலைக்காக எடைபோடுகிறோம். போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால், சுட்டது நியாயமா என்று சொல்ல இந்தக் கேமரா போதுமா?

கருவி உறுதியானது. பேட்டரி 12 மணி நேரம், அதாவது ஒரு முழு ஷிஃப்ட் தாங்கும். பெரிய பட்டனை இரண்டு முறை தட்டினால் பதிவு ஆரம்பிக்கும். நிறுத்த ஏறக்குறைய 3 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால், கைகலப்பில் பட்டனில் கை பட்டாலும் சட்டென்று நின்றுவிடாது. துப்பாக்கி உறையில் தனி சென்சார் பொருத்தினால், துப்பாக்கியை உருவியதுமே சுமார் 30 அடிக்குள் இருக்கும் கேமராக்கள் தாமாகவே பதிவைத் தொடங்கும். பதற்றத்தில் பட்டனை மறப்பது சகஜம் என்பதால் இதைக் கட்டாயம் வாங்கச் சொல்வோம்.

உயிர்நாடி பஃபர்தான். பட்டனைத் தட்டுவதற்கு முன்பே கேமரா ஓடிக்கொண்டிருக்கும். தட்டியதும் அதற்கு முந்தைய 30 விநாடியையும் சேர்த்துக்கொள்ளும். 2017-ல் பால்டிமோரில் ஒரு போலீஸ்காரர் போதைப்பொருளை வைத்துவிட்டுப் பிறகு 'கண்டுபிடித்தது' இப்படி ஓர் ஆக்ஸான் கேமராவின் 30 விநாடியில்தான் சிக்கியது. ஆனால் வழக்கமான அமைப்பில் அந்தப் பகுதிக்கு ஒலி கிடையாது. "கத்தியைக் கீழே போடு" என்று எத்தனை முறை சொன்னார், சொன்னதற்கும் சுட்டதற்கும் இடையே எவ்வளவு அவகாசம் கொடுத்தார் என்பதெல்லாம் ஒலியில்தானே இருக்கிறது!

2025 மே மாதத்துக்குப் பிறகு இந்தக் குறை இன்னும் பெரிதாகிவிட்டது. போலீஸ் பலத்தைப் பயன்படுத்தியது நியாயமா என்பதற்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த 1989-ன் கிரகாம் வழக்கிலிருந்தே அளவுகோல் ஒன்றுதான்: அந்த இடத்தில் நிற்கும் நிதானமான போலீஸ்காரர் என்ன நினைத்திருப்பார்? பின்னால் தெரிந்ததை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. சில கீழ் நீதிமன்றங்கள் இதை ஆபத்து எழுந்த கடைசி ஓரிரு விநாடிக்குள் சுருக்கின. அந்த மே மாதம் பார்ன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக நிராகரித்து, அந்த நொடி வரை நடந்தது அத்தனையையும் பார்க்கச் சொன்னது. அப்படியிருக்க, ஊமையான 30 விநாடி எந்த மூலைக்கு?

லென்ஸ் விஷயத்திலும் ஏமாறக் கூடாது. இரண்டு கைகளையும் நீட்டித் துப்பாக்கி பிடித்தால் கைகளே காட்சியை மறைத்துவிடும், அதுவும் மிக முக்கியமான நேரத்தில். தலை திரும்பும், நெஞ்சு திரும்பாது. அகலக்கோண லென்ஸ் என்பதால் பக்கத்தில் நிற்பவரும் எட்டி நிற்பதுபோல் தெரிவார். இவ்வளவு தூரத்தில் இருந்தவரைச் சுட்டார்களா என்று கோபப்படும் முன் அளவெடுத்த ஸ்பாட் வரைபடத்தைப் பாருங்கள். கேமரா போட்டிருப்பவரின் உடல் காட்சியில் தெரியாததால், பார்க்கிறவர்கள் அவர் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்வது குறைகிறது என ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்லோ மோஷன் அதற்கு நேர் எதிர்: எதையும் திட்டமிட்டதாகக் காட்டும்.

ஆகவே முதலில் சாதாரண வேகத்தில், ஒலியோடு பாருங்கள். பிறகு முதல் எச்சரிக்கை, துப்பாக்கி உருவியது, முதல் குண்டு, கடைசிக் குண்டு ஆகியவற்றின் நேரத்தைக் குறியுங்கள். மெதுவாக ஓட்டுவது குண்டுகளை எண்ண மட்டும். மேல் மூலையில் ஓடும் நேரத்தின் கடைசியில் 'இசட்' எழுத்து இருந்தால் அது உலகப் பொது நேரம். கோடைகால லாஸ் ஏஞ்சலிஸுக்கு 7 மணி நேரம் கழிக்க வேண்டும். 03:15 என்று இருந்தால் முந்தைய நாள் இரவு 8:15. இதைக் கவனிக்காமல் கடை சிசிடிவியோடு ஒப்பிட்டால் எல்லாம் குழம்பும்.

காட்சி எப்போது வெளிவரும் என்பது கேமராவின் கையில் இல்லை. சிகாகோவில் 2014-ல் 17 வயதுப் பையனின் மேல் 16 குண்டுகள் பாய்ந்த ரோந்து கார் கேமராக் காட்சி, 13 மாதம் கழித்து நீதிபதி உத்தரவிட்ட பிறகே வந்தது. கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட காட்சியை வெளியிடப் பொதுவாக 45 நாள் கெடு உண்டு.

30 விநாடி ஊமைப் பஃபரோடு விட்டால் 5-க்கு 2.5. பஃபரை 2 நிமிடமாக்கி, ஒலியையும் போட்டு, உறை சென்சாரும் வைத்தால் 4.