ஈ200 கொம்பிரசரா, 520டீயா?

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டிய நமக்கு முதுகு நோகாமல் போய்ச் சேர்வதே முதன்மையானது என்பதால், பழைய சொகுசுக் கார்களில் மெர்சிடிஸ் ஈ200 கொம்பிரசரையே நான் முதலில் பார்ப்பேன். 2006 இல் வந்த மாற்றத்தோடு அதன் வலு 184 குதிரைவலுவாக உயர்ந்தது. பழுதானால் பெருஞ்செலவு வைத்த மின்-நீரியல் பிரேக்கும் அப்போதே கைவிடப்பட்டது.

பிஎம்டபிள்யூ 520டீயின் குணம் வேறு. 2007 முதல் வந்த எஞ்சின் 177 குதிரைவலுதான் என்றாலும், 350 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை இருப்பதால் லொறியை முந்தும்போது தயங்காது. ஆனால் எஞ்சின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் சங்கிலி கியர்பெட்டிப் பக்கமாக இருப்பதால், அது தேய்ந்தால் எஞ்சினையே இறக்க நேரிடும். காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது அதன் பின்புறம் உரசும் ஓசை கேட்டால் விலை பேசாமலே திரும்பிவிடுங்கள். மட்டக்களப்புக் கடலோரக் கல்லடியின் உப்புக்காற்றில் நின்ற கார் எதுவானாலும், அதை உயர்த்தி, துருப்பிடித்திருக்கிறதா என்று அடித்தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த பின்பே முற்பணம் கொடுங்கள்.