ஹட்டன் குளிரில் கடல்மீன் தொட்டி: ஏற மறுத்த பி.எச்.

மலைநாட்டில் கடல்மீன் தொட்டி வைக்கலாமா என்று கேட்டால் தாராளமாக வைக்கலாம் என்பேன், ஆனால் கொழும்பில் இருப்பவர் சொல்லும் வைத்தியத்தை அப்படியே இங்கே செய்து பார்க்க வேண்டாம். என்னுடையது நூறு லீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒரு சோடி க்ளௌன் மீன், காய்ந்த பாறை. (கடலில் இருந்து பவளக்கல் எடுப்பது நம் நாட்டில் தடை, யாராவது கொண்டுவந்து விற்றாலும் வாங்காதீர்கள்.) மழைக்காலம் எல்லாம் தாண்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

பீலித் தண்ணீர் (மலை ஊற்றில் இருந்து வருவது) மென்மையானது, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் சின்ன எண்தான் காட்டும். அதை நம்பி, மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை வடிக்கும் ஆர்.ஓ. ஃபில்டரை விட்டுவிடக் கூடாது. அந்த மீட்டர் மின்சாரம் கடத்தும் பொருள்களை மட்டும்தான் பார்க்கும், மலைப்பாறையில் இருந்து கரைந்து வரும் சிலிக்கா அதில் தெரியவே தெரியாது. மணல் மேலும் கண்ணாடியிலும் பழுப்பாகப் படியும் பாசிக்கு அதுதான் தீனி.

புதுத் தொட்டியில் அம்மோனியா இறங்க ரொம்ப நாள் எடுத்தால் பயப்படாமல் ஹீட்டரைப் பாருங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத்தான் பெருகும். நான் 27 பாகையில் வைத்து, தொட்டியின் பின்பக்கமும் அடியும் சூட்டை வெளியே விடாத ரிஜிஃபோம் தாள் ஒட்டிய பிறகுதான் வேகம் பிடித்தது. நைட்ரைட் இன்னும் இருக்கும்போது நைட்ரேட் டெஸ்ட் கிட் கூட்டித்தான் காட்டும், அந்த எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை.

என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்தான். சாயங்காலம் 8.1 வரும், விடிகாலையில் பார்த்தால் 7.7. கடைக்காரர் "பஃபர் ஒரு போத்தல் ஊத்துங்க அண்ணே, ஏறிடும்" என்றார். (பஃபர் என்பது தண்ணீரில் காரம் சேர்க்கும் மருந்து.) ஆனால் அல்கலினிட்டி, அதாவது அமிலத்தைத் தாங்கும் சக்தி, பார்த்தால் 8.5 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு), அதில் ஒரு குறையும் இல்லை. அது சரியாக இருக்கும்போது பி.எச். மட்டும் விழுந்தால் பெரும்பாலும் காற்றில்தான் விஷயம். ஒரு கோப்பையில் தொட்டித் தண்ணீரை எடுத்து வெளியே வாசலில் வைத்து, சின்ன ஏர் பம்ப்பால் ஒரு மணித்தியாலம் குமிழி விட்டு மறுபடி அளந்தேன், சொட்டு மருந்து போடாமலே 8.1க்கு வந்துவிட்டது. குளிருக்குப் பயந்து நாம் எல்லா ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டு, உள்ளே ஆள் தூங்க, அடுப்பெரிய, வீட்டுக்குள் கரியமில வாயு தேங்குகிறது, அது தண்ணீரில் கரைந்து பி.எச்.-ஐ இழுக்கிறது. இதற்குப் போத்தல் போத்தலாக பஃபர் ஊற்றினால் அல்கலினிட்டி தாறுமாறாக ஏறுமே தவிர நோய் தீராது. காற்றுக் குமிழி விட்டு அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னல் சட்டத்தில் ஒரு துளை போட்டு வெளியே நீட்டினேன், காலை அளவு இப்போது 7.9க்குக் கீழே போவதில்லை. எனக்கு அது போதும், மீன்களுக்கும் போதும்.

அல்கலினிட்டியே உண்மையாகக் குறைந்திருந்தால் அப்பச்சோடா (பேக்கிங் சோடா) நல்ல மருந்து. 100 லீட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 டி.கே.எச். ஏறும், ஒரே நாளில் அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

உப்பு அளவுக்கு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினால் வெறும் தண்ணீரில் சுழியம் வைத்ததோடு நிறுத்தாதீர்கள். 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீரில் 36.5 கிராம் சமையல் உப்பைக் கரைத்தால் அந்தக் கரைசல் 35 (ஆயிரத்தில் எத்தனை பங்கு கடலுப்பு என்ற கணக்கு) காட்ட வேண்டும், காட்டாவிட்டால் திருகிச் சரிசெய்யுங்கள். குளிர்ந்த அறையில் சூடான தொட்டி இருப்பதால் ஆவியாவதும் அதிகம், ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர் கோத்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும், அதனால் குறைந்ததை உப்பில்லாத நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும்.

அப்புறம் கரண்ட். காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் தண்ணீரில் ஒக்சிஜன் கரைவதே குறைவு, நுவரெலியாவில் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறையும். மழை நாளில் கரண்ட் போனால் முதலில் பேட்டரி ஏர் பம்ப்பைப் போடுங்கள், பிறகு தொட்டியைச் சுற்றிக் கம்பளி. சூடு மெதுவாகத்தான் இறங்கும், மூச்சு அவ்வளவு நேரம் காத்திருக்காது.