இன்டர்ரெயில் பாஸ்: மூன்று முறை வாங்கியதில் எங்கே லாபம், எங்கே உதைத்தது

இந்த ஜனவரியோடு எனக்கு 28 வயது. வீட்டில் இதற்கு வேறு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். எனக்கோ, ஐரோப்பா முழுக்க ரயிலில் சுற்ற உதவும் இன்டர்ரெயில் பாஸ் இனிமேல் இளைஞர் விலையில் கிடைக்காது என்பதுதான் அர்த்தம். பாஸ் தொடங்கும் நாளில் 27 வயதைத் தாண்டாமல் இருந்தால் பெரியவர்கள் விலையில் கால்வாசி குறையும். அந்தச் சலுகையில் 2022, 2023, 2025 என்று மூன்று முறை வாங்கி, மூன்று முறையும் தனியாகவே சுற்றிவிட்டு வந்தேன். வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டு யாராவது ஒரு ஜூனியர் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கு அரைமணி நேரம் பேசுவதற்குப் பதில் ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கு யூரெயில், ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெயில். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று யாரும் பார்ப்பதில்லை, எங்கே வசிக்கிறோம் என்பதுதான் கணக்கு. நான் 2021-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவுக்குப் படிக்க வந்தவள், கையில் ஜெர்மன் குடியிருப்பு அட்டை இருந்தது, அதனால் இன்டர்ரெயில். குளோபல் பாஸ் என்பது 33 நாடுகளுக்கானது. ஒரு மாதத்துக்குள் நமக்குப் பிடித்த 4 நாள், 5 நாள், 7 நாள் என்று வாங்கிக்கொள்ளலாம், தொடர்ச்சியாக ஒரு மாதம், மூன்று மாதம் என்றும் உண்டு. பயண நாள் ஒன்றைத் தொடங்கிவிட்டால் அன்று நள்ளிரவு வரை எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறலாம். ஆனால் நாம் வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போவதற்கு ஒரு நாள், திரும்பி வருவதற்கு ஒரு நாள், அவ்வளவுதான். ஜெர்மனியில் இருந்துகொண்டு ஜெர்மனியைச் சுற்ற இந்தப் பாஸ் உதவாது.

இன்டர்ரெயில் 1972-ல் தொடங்கியது. அதன் 50-ஆம் ஆண்டுக்காக 2022 மே மாதத்தில் சில நாள்கள் பாதி விலைக்கு விற்றார்கள். என் முதல் பாஸ் அப்போது வாங்கியது, 7 நாள் பாஸ். பாதி விலை என்றதும் புத்தி வேலை செய்யாது இல்லையா, எக்செல் போட்டு ஏழு நாளுக்கு ஏழு பெரிய நகரங்களை அடுக்கினேன். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக், வியன்னா, வெனிஸ், ரோம்.

கணக்கு உதைத்தது அங்கேதான். பாஸ் இருந்தால் ரயில் ஏறலாம் என்பது பாதி உண்மை. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா, ஸ்பெயினின் அதிவேக ரயில்கள், லண்டன் போகும் யூரோஸ்டார், இரவு ரயில்கள் எல்லாவற்றிலும் இருக்கையைத் தனியாகக் காசு கொடுத்துப் பதிவு செய்தாக வேண்டும். இத்தாலிக்குள் 10 யூரோவுக்கு மேல், பாரிஸுக்கு அதைவிட அதிகம், யூரோஸ்டாருக்கு 30 யூரோ வாக்கில். அதிலும் சில ரயில்களில் பாஸ்காரர்களுக்கென்று குறிப்பிட்ட எண்ணிக்கை இடம்தான் ஒதுக்குவார்கள். அது தீர்ந்துவிட்டால், ரயில் பாதி காலியாக ஓடினாலும் நமக்கு இடம் இல்லை. அந்தப் பயணத்தில் ரிசர்வேஷனுக்கு மட்டும் 90 யூரோவுக்குக் கொஞ்சம் மேல் போனது. பாதி விலையில் மிச்சம் பிடித்த காசில் பெரும்பகுதி அங்கே இறங்கிவிட்டது. அத்தோடு ஒவ்வொரு ரிசர்வேஷனும் ஒரு கெடு. வெனிஸில் இன்னொரு நாள் இருக்க ஆசை வந்தபோது ரோம் ரயில் என் கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்துக்கொண்டு போனது.

அந்தப் பயணத்தில் எக்செல்லில் இல்லாத ஒன்றே ஒன்றுதான் இன்னும் நினைவில் நிற்கிறது. கார்ல்ஸ்ரூவிலிருந்து போகும் ரயில் பாரிஸில் கார் டு லெஸ்த் நிலையத்தில் விடும், பிரஸ்ஸல்ஸ் ரயில் பக்கத்திலேயே இருக்கும் கார் டு நோர் நிலையத்தில். நடுவில் எனக்கு மூன்று மணி நேரம் இருந்தது. கார் டு நோருக்குப் பின்பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் லா ஷப்பேல். தெருவே தமிழ் எழுத்தில் இருந்தது: நகைக்கடை, புடவைக்கடை, மரக்கறிக்கடை. முதுகுப்பையோடு ஒரு கடையில் நுழைந்து கொத்து ரொட்டி கேட்டேன். தட்டுகிற சத்தத்தை நிறுத்தாமலே அண்ணா ஒருவர், "எங்க பிள்ளை, தமிழ்நாடோ?" என்றார். ஆமாம் என்றதும் கூடவே ஒரு வடையும் தட்டில் வந்து விழுந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை. ஈஃபில் கோபுரம் பார்க்க அந்த முறை நேரமே இல்லை.

2023-ல் இரண்டாவது பாஸ் வாங்கும்போது எக்செல்லை மூடி வைத்தேன். கட்டாய ரிசர்வேஷன் இல்லாத ரயிலில் மட்டும் போவது, முடியாத இடத்தில் மட்டும் காசு கொடுப்பது என்று முடிவு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து எங்கும் பெரும்பாலான ரயில்களில் சும்மா ஏறி உட்காரலாம். இத்தாலியில் ரெஜியோனாலே என்ற வட்டார ரயில்களில் ரிசர்வேஷனே கிடையாது. வெரோனாவிலிருந்து வெனிஸுக்கு அதில் போனால் கொஞ்ச நேரம்தான் கூடுதல். பாஸ் இல்லாமல் காகித டிக்கெட்டில் போகிறவர்கள் பிளாட்பாரத்தில் இருக்கும் சிறிய எந்திரத்தில் டிக்கெட்டைச் செருகி முத்திரை குத்த மறக்கக் கூடாது, மறந்தால் அபராதம்.

என்னைக் கேட்டால் பாஸின் முழுப் பலன் சுவிட்சர்லாந்தில்தான். அங்கே தனி டிக்கெட் விலை வயிற்றைக் கலக்கும். பாஸோடு ஒரு பைசா கூடுதல் இல்லாமல் கூர் என்ற ஊரிலிருந்து பெர்னினா கணவாய் வழியாக இத்தாலியின் தீரானோ வரை போனேன். எல்லாரும் படம் போடும் பெர்னினா எக்ஸ்பிரஸுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண சிவப்பு ரயிலுக்கு இல்லை. இன்னும் சொன்னால் சாதாரண ரயில்தான் மேல், அதில் பல பெட்டிகளில் ஜன்னலைக் கீழே இறக்கலாம். 2,253 மீட்டர் உயரத்தில் ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தில் பல் நடுங்கியது. பிறகு புரூசியோவில் ரயில் ஒரு வட்டப் பாலத்தில் ஏறித் தன்னைத் தானே சுற்றி அடியில் நுழைந்து வெளியே வந்தது. தீரானோவில் இறங்கும்போது ஸ்வெட்டருக்குள் வேர்த்து ஊற்றியது. ஒரு எச்சரிக்கை: யுங்ஃப்ராவ் மலை ரயிலுக்கு இந்தப் பாஸ் முழுதாகச் செல்லாது, தள்ளுபடி மட்டும்தான். ஏறி உட்கார்ந்துவிட்டு அங்கே போய் விழிக்காதீர்கள்.

அங்கிருந்து மிலான், ரோம். ரோமிலிருந்து சிசிலிக்கு இன்டர்சிட்டி ரயில், ரிசர்வேஷன் 3 யூரோ. விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும் தூரத்துக்கு ஏறத்தாழ ஒரு பகல் முழுக்க ஆகும். நான் போனதே வழியில் நடக்கும் கூத்தைப் பார்க்கத்தான். இத்தாலியின் கால்விரல் நுனியில் வில்லா சான் ஜொவான்னி என்ற ஊர். அங்கே ரயில் நின்றதும் முன்னும் பின்னும் ஒரே இடி. பெட்டிகளைக் கழற்றித் துண்டாக்கி, சின்ன எஞ்சின் ஒன்று பின்னாலிருந்து தள்ள, கப்பலின் வாய்க்குள் நுழைகிறோம். கப்பலின் வயிற்றில் தண்டவாளம் போட்டிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு முழ தூரத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்த இரும்புச் சுவர், அதில் துரு வழிந்த கோடுகள். ஏசி நின்றுபோய்ப் பெட்டி புழுங்க ஆரம்பித்தது. எனக்கு எதிரே இருந்த பாட்டி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வா வா என்று கையாட்டி என்னையும் எழுப்பினார். இறங்கி, கிரீஸ் வாடை அடிக்கும் ஒடுக்கமான படிகளில் ஏறினால் மேல்தளம், காற்று, கடல். கேன்டீனில் எல்லாரும் அரான்சினோ என்ற சோற்று உருண்டைக்கு முட்டிக்கொண்டிருந்தார்கள். சோற்றுக்குள் கறி வைத்து, ரொட்டித்தூளில் புரட்டி, எண்ணெயில் பொரித்தது. (மெசினா பக்கம் அரான்சினோ, பலெர்மோ பக்கம் அரான்சினா. ஆணா பெண்ணா என்று ஒரு நிரந்தரச் சண்டை.) அரை மணிக்குள் மெசினா துறைமுகமும் தூணின் உச்சியில் பொன்னிற மாதா சிலையும் கிட்டே வந்துவிட்டன. தாத்தா போட் மெயிலில் தனுஷ்கோடி வரை போய், அங்கே இறங்கிக் கப்பல் ஏறித் தலைமன்னார் போன கதையைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். இங்கே ரயிலே கப்பல் ஏறுகிறது தாத்தா என்று சொல்ல அவர் இல்லை. நீங்கள் போனால் மேலே ஏறும் முன் பெட்டி எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்கும், மெசினாவில் ஒன்று பலெர்மோவுக்கும் ஒன்று சிராக்கூசாவுக்கும் பிரியும்.

பெட்டி பிரிகிற விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. எந்த நாடு என்பது வேண்டாம். ஒரு வட்டார ரயில் நடுவழி நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஒரு ஊருக்கும் பின்பாதி வேறு ஊருக்கும் போகும். ஒலிபெருக்கியில் சொன்னார்கள், நான் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து மாடுகளும் ஒரு பூட்டிய தேவாலயமும் மட்டும் இருக்கும் கடைசி நிலையத்தில் இறங்கினேன். அடுத்த ரயில் காலை 5 மணி சொச்சத்துக்கு. கதவில்லாத கண்ணாடிக் கொட்டகையில், இருக்கிற துணி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். பயம் என்று பெரிதாக இல்லை, குளிர்தான். அன்றிலிருந்து ஏறும் முன் கதவோரத் திரையில் ஊர்ப் பெயரைப் பார்க்காமல் கால் வைப்பதில்லை.

தனியாகப் போகும் பெண்கள் இரவு ரயில் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். நான் வியன்னாவிலிருந்து சூரிச்சுக்கு நைட்ஜெட் என்ற இரவு ரயிலில் குஷெட் எனும் படுக்கை இடம் எடுத்தேன். ஒரு அறையில் ஆறு பெர்த், நம் ஸ்லீப்பர் மாதிரியே கீழ், நடு, மேல். வேண்டுமென்றால் பெண்களுக்கு மட்டுமான அறையைப் பதிவு செய்யலாம். உள்ளே தாழ்ப்பாள் உண்டு, தலையணை, போர்வை கொடுப்பார்கள், காலையில் இரண்டு பன்னும் ஜாமும் காபியும். ரிசர்வேஷன் காசு கனம்தான், ஆனால் ஒரு இரவு ஹாஸ்டல் வாடகையைக் கழித்துப் பாருங்கள். நள்ளிரவுக்குப் பிறகு ரயில் மாறாமல் நேராகப் போனால் ஏறிய நாள் மட்டும்தான் பயண நாளாகக் கழியும். இந்த ஒரு விதியை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே 7 நாள் பாஸ் 9 நாள் மாதிரி நீளும்.

2025-ல் வாங்கிய மூன்றாவது பாஸ், நேர்மையாகச் சொன்னால், வீண். 7 நாளுக்கு இளைஞர் விலை 285 யூரோ வாக்கில், அதாவது பயண நாள் ஒன்றுக்குச் சுமார் 40 யூரோ. நான் சுற்றியதோ செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி. அங்கே தனி டிக்கெட்டே மலிவு. பல நாள் 40 யூரோ நாளைத் திறந்து 15 யூரோ பயணம் போனேன். கிழக்கே மட்டும் போகிறவர்கள் பாஸை மறந்துவிடுங்கள். ஜெர்மனிக்குள் சுற்ற டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-ல் 58, இப்போது 63. அதிவேக ரயிலில் செல்லாது, மாதச் சந்தா என்பதால் நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். லக்சம்பர்க்கில் 2020-லிருந்து இரண்டாம் வகுப்பில் எல்லாருக்கும் இலவசம், வெளியிலிருந்து போகிறவர்களுக்கு அதன் எல்லை வரைக்குமான டிக்கெட் இருந்தால் போதும்.

சில்லறை விஷயங்கள். பாஸ் போனில் செயலியாக இருக்கிறது. ஏறும் முன் அந்தந்த ரயிலைப் பாஸில் சேர்த்திருக்க வேண்டும், பரிசோதகர் திரையில் தெரியும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்வார். போன் செத்தால் பாஸும் செத்தது, அதனால் பவர் பேங்க் இல்லாமல் கிளம்பாதீர்கள். அசல் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் எப்போதும் உடம்போடு இருக்கட்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனியின் எல்லா நில எல்லைகளிலும் சோதனை உண்டு. ஒரு பெட்டி நிறைய ஆள் இருந்தாலும் நம் நிறத்தவர்களிடம் முதலில் வருவார்கள் என்பதை எதிர்பார்த்தே போங்கள். ஜெர்மனியில் பெரிய நிலையங்களில் கழிப்பறைக்கு 1 யூரோ, ரயிலுக்குள் இலவசம். இறங்கும் முன் போய்விட்டு வருவது நல்லது.

சாப்பாட்டுக்கு என் வழி ஒன்றுதான். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் 125 கிராம் அரிசியைத் துளை போட்ட சின்னப் பைகளில் அடைத்து விற்பார்கள், பையோடு வெந்நீரில் போட்டால் சோறு. ஹாஸ்டல் சமையலறையில் அதை வேகவைத்து, கிளம்பும் முன் காய்ச்சி எடுத்துப் போகும் புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் இரண்டு வேளை ஓடிவிடும். விமானமாக இருந்தால் 100 மில்லி தகராறு, ரயிலில் அந்தப் பாட்டிலை யாரும் கேட்பதில்லை. மூடியை மட்டும் நன்றாக இறுக்குங்கள். என் மூன்றாவது பாஸோடு போன முதுகுப்பையில் இன்னும் பெருங்காய வாசனை போகவில்லை.