எட்டு ஆண்டுகளாக பிரிட்டில் பேப்பர் வாசிக்கிறேன்

நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபியின் முதல் நாவலை நான் படித்தது என்.கே. மகாலிங்கத்தின் தமிழில், ‘சிதைவுகள்’ என்ற பெயரில். அப்புறம் கென்யாவின் கூகி வா தியாங்கோ. ஆப்பிரிக்க இலக்கியம் என்றால் இந்த இருவர்தான் என்று பல வருடங்கள் இருந்துவிட்டேன். 2017இல் ஆச்சிபியைப் பற்றி எதையோ தேடப்போய் ஆப்பிரிக்க இலக்கியத்துக்கான பிரிட்டில் பேப்பர் இணைய இதழ் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது அதைத் திறந்துவிடுகிறேன்.

நைஜீரியாவைச் சேர்ந்த ஐனேஹி எடோரோ 2010இல் தொடங்கிய இதழ் இது. அவர் அமெரிக்காவில் இலக்கியப் பேராசிரியர், ஆனாலும் இதழில் வகுப்பறை வாசனை கிடையாது. வரப்போகும் நாவலின் அட்டைப்படம், விருதுச் செய்தி, பேட்டி, நடுவே ஒரு சிறுகதை அல்லது கவிதை. எழுத்தாளர்கள் உடுத்திவரும் உடையைப் பற்றிக்கூட எழுதுவார்கள். ஆரம்பத்தில் இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். போகப் போக அந்தப் பெயர்களுக்கு முகம் வந்தது. பாடப்புத்தகத்தில் உறைந்துபோன ஒரு இலக்கியம் இன்று காலையும் எழுதப்பட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

2021ஐ மறக்க முடியாது. சான்சிபாரில் பிறந்த அப்துல்ரசாக் குர்னாவுக்கு நோபல். தென்னாப்பிரிக்காவின் டேமன் கால்கட்டுக்கு புக்கர், செனகலின் முகமது எம்பூகர் சாருக்கு பிரான்சின் கோன்கூர் விருது, மொசாம்பிக்கின் பவுலினா சிசியானேவுக்கு போர்த்துக்கீசிய மொழியின் கமோயிஷ் விருது. எல்லாம் ஒரே ஆண்டில்! நோபல் அறிவிப்பு வந்ததும் “யார் இந்த குர்னா?” என்று நண்பர்கள் கேட்டார்கள். எனக்கு அது பழகிய பெயர். அந்தச் சந்தோஷத்தை இந்த இதழ்தான் கொடுத்தது.

ஆண்டு முடிவில் வெளியிடும் குறிப்பிடத்தக்க ஆப்பிரிக்க நூல்களின் பட்டியல்தான் எனக்கு மிகவும் பயன்படுகிறது. அதிலிருந்து நாலைந்து நூல்களைக் குறித்துக்கொள்வேன். லண்டன், நியூயார்க் பதிப்புகள் எளிதில் கிடைக்கின்றன. லாகோசிலும் நைரோபியிலும் அச்சாகும் புத்தகங்கள் கைக்கு வருவது கஷ்டம். ஒருமுறை இணையக் கடை ஒன்றில் பணம் கட்டி இரண்டு மாதம் காத்திருந்தேன். வந்தது வேறு புத்தகம். இப்போது மின்நூல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.

சினிமாவுக்காக மட்டும் இதைத் தேடி வருபவர்களுக்குப் போதாது. ஒரு நாவல் படமாகிறது என்றால் செய்தி கிடைத்துவிடும். புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகாடூகூவில் 1969 முதல் நடக்கும் ஃபெஸ்பாகோ திரைவிழா, செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன் தொடங்கிவைத்த மரபு என்று ஆழமாகப் போக நான் வேறு இடங்களில்தான் படிக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்குக் கிடைக்கும் இடம் சுவாஹிலி, ஹவுசா, அம்ஹாரிக் எழுத்தாளர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

மொழி பற்றிய விவாதங்களைப் படிக்கும்போது தமிழ் வாசகனாக மனம் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. கூகி சிறையில் கழிவறைக் காகிதத்தில் தன் தாய்மொழியான கிகூயுவில் எழுதிய நாவல் நம்மிடம் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ ஆக வந்திருக்கிறது. 2016இல் அவருடைய கிகூயு கதை ஒன்றை ஜலாடா என்ற ஆப்பிரிக்க எழுத்தாளர் கூட்டமைப்பு முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியிட்டது. 2025 மே மாதம் அவர் இறந்தபோது, சொந்த மொழிக்குத் திரும்பியவர்களும் ஆங்கிலத்திலேயே எழுதுபவர்களும் அவருக்கு எழுதிய அஞ்சலிகளை ஒரு வாரம் படித்துக்கொண்டே இருந்தேன்.

புதிதாக வாசிக்கப்போகிறவர்கள் செய்திப் பகுதியில் தொடங்க வேண்டாம். நாலு சிறுகதைகளைப் படித்துவிட்டு, பிடித்த எழுத்தாளரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள்.