‘திருட்டுக் கம்பெனி விழுது, வாங்க சம்பாதிக்கலாம்’ என்று கூப்பிட்டால் உஷார்

செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் வாசலில் அறிமுகமானவர். நெல்லைப் பக்கம், நம்ம பேச்சு. பேர் வேண்டாம். டெலிகிராமில் பங்குச்சந்தை டிப்ஸ் குழு நடத்துகிறார். சேர 15,000 ரூபாய்.

அப்போது ஒரு கம்பெனியின் கணக்கில் தில்லுமுல்லு என்று செய்தி வந்து பங்கு சரிந்துகொண்டிருந்தது. “அண்ணாச்சி, ஊரை ஏமாத்துனவன் விழுதான். அதுல நாம நாலு காசு பாத்தா பாவமா? புண்ணியம்லா!” என்றார். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதையையும் எடுத்துவிட்டார்: 2009 ஜனவரி 7, கணக்கில் பொய் சொன்னதாக அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்ட கடிதம், ஒரே நாளில் முக்கால்வாசி விலைக்கு மேல் காலி. இப்போது விழுந்துகொண்டிருந்த கம்பெனியின் முதலாளிமேல் எனக்கும் எரிச்சல்தான். ஆசைக்கு அது நல்ல போர்வையாக இருந்தது.

பங்கு 900இல் இருந்தபோது, 850 புட் ஆப்ஷனை (குறித்த நாளில் பங்கை 850 ரூபாய்க்கு விற்கும் உரிமை; பங்கு விழுந்தால் பொதுவாக இதன் விலை ஏறும்) பங்குக்கு 60 ரூபாய் வீதம் இரண்டு லாட் வாங்கச் சொன்னார். லாட் என்பது ஒரு கட்டு, அதில் 700 பங்கு. மொத்தம் 84,000. பங்கு சொன்னபடியே 840க்கு இறங்கியது. என் புட் 19க்கு வந்து நின்றது! ஊரே பயந்து கிடக்கும்போது ஆப்ஷன் விலையில் அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். பயம் தணிந்து, நாளும் கரைந்தால், பங்கு விழுந்தாலும் நமக்கு நஷ்டம்தான். இதை அவர் சொல்லவே இல்லை. “எக்ஸ்பைரி வரை வைங்க” என்றார், அதாவது ஆப்ஷனின் கடைசி நாள்வரை. 2019 அக்டோபரிலிருந்து பங்கு ஆப்ஷன்களுக்கு டெலிவரி முறை, பணமாக இல்லாமல் பங்காகவே கணக்குத் தீர்க்க வேண்டும். பங்கு 850க்குக் கீழே இருக்க, புட்டைக் கடைசி நாள்வரை வைத்திருந்தால் 1,400 பங்குகளை நான் கொடுக்க வேண்டும். கையில் ஒன்றுகூட இல்லை. புரோக்கர் கூடுதல் மார்ஜின், அதாவது பிணைத் தொகை, கேட்டபோதுதான் விழித்தேன். 19க்கே விற்றேன். நஷ்டம் 57,400, கட்டணம் தனி. கேட்டதற்குக் குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்.

இப்படி டிப்ஸ் விற்க, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு வேண்டும். ஆய்வாளர் பதிவு எண் ‘ஐஎன்ஹெச்’ என்று தொடங்கும், செபி இணையதளத்திலேயே பார்க்கலாம். இவருக்கு அது இல்லை. பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் செபி அலுவலகத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன், ஒருநாளும் தேடிப் பார்க்கத் தோன்றவில்லை.

விழும் என்று கணித்துப் பணம் போடுவதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். மோசடியைத் தோண்டி எடுத்துச் சொல்லி அதில் சம்பாதிப்பவரால் ஊருக்கும் நல்லதுதான். ஆனால் எனக்கு லாபமே வந்திருந்தாலும் அது அந்த முதலாளி பையிலிருந்து வந்திருக்காது. ஆப்ஷன் விற்ற எவரோ ஒருவரின் காசு. அதைவிட மோசம், குழுவில் வந்த இன்னொரு வேலை: “இந்த மாசம் அங்க சம்பளமே போடலையாம்” என்ற செய்தியை எல்லாருக்கும் அனுப்பச் சொன்னார். உண்மையா என்று ஒருவரும் கேட்கவில்லை. பொய்ச் செய்தி பரப்பி விலையை இறக்குவது சட்டப்படி குற்றம். நானும் மூன்று வாட்ஸாப் குழுக்களில் தட்டிவிட்டேன்.

மறுநாள் அதே செய்தி சயான் கோலிவாடாவிலிருக்கும் மாமாவிடமிருந்து எனக்கே வந்தது. “மாப்ளே, இது நெசமா? எங்கிட்ட 200 பங்கு இருக்கு.” ரிட்டயர்மென்ட் காசில் வாங்கியது.

“பாத்துச் செய்யுங்க மாமா” என்று மட்டும் பதில் போட்டேன். காலையில் முதல் வேலையாக விற்றுவிட்டார். அந்தக் கம்பெனியில் சம்பளம் வழக்கம்போல் 1ஆம் தேதியே போட்டிருந்தார்களாம். மாமாவிடம் இன்னும் நான் வாய் திறக்கவில்லை.